ஒன்பது பெண்களும் ஒரு பொய்ச் செய்தியும்

சென்ற ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பொழுது இன்னும் புலரவில்லை. நகராண்மைக் கழகத் திடலின் ஓரத்தில் ஒரு மரத்தடியில், ஏழு கைப்பைகளுக்குக் காவலாக நான் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் ஆசிரியைகள் அறுவரும், சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மையார் ஒருவரும் அன்று நடைபெற்ற மகளிர் ஓட்டத்தில் கலந்துகொள்ள வந்திருந்தனர். புற்றுநோயாளர் நலனுக்காக நிதி திரட்டும் ஓட்டம் அது. தொலைவு ஐந்து கிலோமீட்டர். பரிசு இல்லை. முதலாமவர், கடையவர் என்ற கணக்கும் இல்லை. ஓட இயன்றவர் ஓடலாம், இயலாதவர் நடக்கலாம். சிற்றுண்டிச்சாலை அம்மையார் தம் சட்டையின் முதுகுப்புறத்தில் ஒரு தாளைக் குத்தியிருந்தார். அதில் அவருடைய தங்கையின் பெயர் எழுதியிருந்தது. அத்தங்கை மார்பகப் புற்றுநோயால் மறைந்து இரண்டாண்டுகள் ஆகின்றன.

எனக்கு அருகில் நின்ற ஓர் அன்பர், தம் மனைவியை இறக்கிவிட வந்தவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "பெண்களுக்கு இது ஒரு புது வேடிக்கை, ஐயா" என்றார். நானும் மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். ஆனால் அவர் சொன்ன சின்னஞ்சிறு வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. அது புதிதும் அன்று; வேடிக்கையும் அன்று. அவரைத் திருத்தும் தகுதி எனக்கு உண்டா என்பது வேறு வினா. அவ்வினாவுக்குப் பின்னர் வருகிறேன்.

ஒரு பெண் தெருவில் ஓடுவதற்கு யாருடைய இசைவைப் பெற வேண்டும்? இன்று இவ்வாறு கேட்டால் மாணவிகள் நகைப்பர். ஆனால் உலகில் நவீன விளையாட்டுப் போட்டிகள் தோன்றிய காலத்திலிருந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இவ்வினா உயிரோடு இருந்தது. 1896ஆம் ஆண்டில் ஏதன்ஸ் மாநகரில் முதலாவது நவீன ஒலிம்பிக் போட்டி நடைபெற்றபொழுது, ஸ்டமாடா ரெவிதி என்னும் ஏழைத் தாய் ஒருத்தி மாரத்தான் ஓட விரும்பினாள். ஆடவரோடு ஓட அவளுக்கு இடம் தரவில்லை. போட்டி முடிந்த மறுநாள், அதே வழியில், தன்னந்தனியாக ஓடினாள். ஏறத்தாழ ஐந்தரை மணி நேரத்தில் ஏதன்ஸை அடைந்தாள். விளையாட்டரங்கினுள் நுழையவும் அவளை விடவில்லை. அரங்கின் வெளியே தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டு அவள் வரலாற்றிலிருந்தும் வெளியேறிவிட்டாள். அதன்பின் அவள் என்னவானாள் என்பதற்குச் சான்று இல்லை.

ஒலிம்பிக் இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் பியேர் தெ கூபர்த்தேன் பிரபு, பெண்கள் போட்டிகளில் பங்குபெறுவதை வெளிப்படையாகவே எதிர்த்தவர். அவருடைய நாட்டிலேயே அவருக்கு மறுமொழி சொல்ல ஒரு பெண் தோன்றினார். அவர் பெயர் அலிஸ் மிலியா. ஒலிம்பிக்கில் பெண்களின் தடகளப் போட்டிகளையும் சேர்க்குமாறு 1919இல் அவர் கேட்டார், மறுத்துவிட்டனர். "இடம் தராவிட்டால் போங்கள், நாங்களே ஓர் அரங்கு அமைத்துக்கொள்கிறோம்" என்னும் துணிவோடு, 1921இல் அனைத்துலக மகளிர் விளையாட்டுக் கூட்டமைப்பை நிறுவினார். 1922இல் பாரிஸ் மாநகரில் பெண்களுக்கென்றே ஒரு ஒலிம்பிக் நடந்தது. ஐந்து நாடுகளின் வீராங்கனைகள் ஒரே நாளில் பதினொரு போட்டிகளில் கலந்துகொண்டனர். அவற்றுள் 1000 மீட்டர் ஓட்டமும் ஒன்று. யாரும் இறந்துவிடவில்லை.

மிலியாவின் செல்வாக்கு வளர்வதைக் கண்ட பின்னரே ஒலிம்பிக் குழுவினர் இறங்கி வந்தனர். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்தே ஐந்து தடகளப் போட்டிகள் அளிக்கப்பட்டன. ஐந்து போதாது என்று பிரிட்டிஷ் வீராங்கனைகள் புறக்கணித்துவிட்டனர். அந்த ஐந்தில் நெடுந்தொலைவு எனத்தக்கது ஒன்றுதான். அது 800 மீட்டர்.

நமது கதையின் நடுப்பகுதி இதுவே. ஆகையால் சற்று நின்று பார்ப்போம்.

1928 ஆகஸ்டு 2ஆம் நாள் இறுதி ஓட்டம் நடைபெற்றது. ஒன்பது பெண்கள் ஓடினர். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடிகளில் முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவர் ஓர் ஆசியப் பெண் என்பதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானிய நாட்டின் கினுவே ஹிதோமி 2 நிமிடம் 17.6 விநாடிகளில் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். சுவீடன் நாட்டின் இங்கா கென்ட்செல் மூன்றாமவர். முதல் மூவருமே அதற்கு முன்பிருந்த உலகச் சாதனையைக் காட்டிலும் விரைவாக ஓடியவர்கள்.

ஹிதோமியைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1926இல் சுவீடனில் நடந்த மகளிர் உலகப் போட்டிக்கு, ஜப்பானின் ஒரே வீராங்கனையாக, சைபீரிய இருப்புப்பாதை வழியே நெடும்பயணம் செய்து வந்து, போட்டியின் தலைசிறந்த வீராங்கனை என்னும் பெயரைத் தட்டிச் சென்றவர் அவர். ஆம்ஸ்டர்டாமில் அவர் நம்பி வந்தது 100 மீட்டர் ஓட்டத்தை. அதில் அரையிறுதியோடு வெளியேறிவிட்டார். வெறுங்கையோடு நாடு திரும்ப மனமின்றி, அதுவரை போட்டியில் ஒருமுறையும் ஓடியிராத 800 மீட்டரில் இறங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் என்னும் சிறப்பு அவ்வாறு அவருக்கு வந்து சேர்ந்தது. 1931ஆம் ஆண்டில், அதே ஆகஸ்டு 2ஆம் நாளில், 24ஆம் வயதில் நோயுற்று இறந்தார்.

ஓட்டம் முடிந்ததும், களைத்த பெண்கள் சிலர் புல்தரையில் சாய்ந்தனர். ஆடவர் ஓட்டங்களில் இஃது அன்றாடக் காட்சி. ஆடவர் சாய்ந்தால் அதற்கு வீரம் என்று பெயர். அன்று சாய்ந்தவர் பெண்கள் ஆனமையால், மறுநாள் நாளிதழ்களில் அதற்கு வேறு பெயர் கிடைத்தது. ஓர் அமெரிக்கச் செய்தியாளர் ஓடியவர் பதினொருவர் என்றும், அவருள் ஐவர் பாதியில் விலகினர் என்றும், ஐவர் முடிவில் சுருண்டு விழுந்தனர் என்றும் எழுதினார். ஒன்பது பேர் ஓடிய ஓட்டத்தில் பதினொருவர் எங்கிருந்து வந்தனர்? ஒன்பது பேரும் எல்லைக்கோட்டைக் கடந்திருக்க, பாதியில் விலகிய ஐவர் யாவர்? இவ்வினாக்களைக் கேட்பார் அன்று இல்லை. பெண்ணின் உடலமைப்பு இத்தகைய கடுமையைத் தாங்காது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தோர்க்குச் செய்தி இனித்தது. அனைத்துலகத் தடகளக் கழகத்தார் கூடி 800 மீட்டரை நீக்கினர். 1960இல் ரோமாபுரியில்தான் அது மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஒரு பொய்ச் செய்தியின் ஆயுள் முப்பத்திரண்டு ஆண்டுகள்.

முப்பத்திரண்டு என்று சொன்னேன். அது ஒலிம்பிக் கணக்கு. என் கணக்கில் அதன் ஆயுள் இன்னும் நீண்டது.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் பயின்ற காலத்தில், உடற்கல்வி விரிவுரையாளர் ஒருவர் இந்த ஆம்ஸ்டர்டாம் கதையை எங்களுக்குச் சொன்னார். நல்ல மனிதர், வேண்டுமென்று பொய் சொல்பவர் அல்லர். அவர் படித்த நூலில் அவ்வாறு இருந்தது, அவர் சொன்னார், நாங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். "பெண்கள் 800 மீட்டர் ஓடி மயங்கி விழுந்தனர். ஆதலின் தொடக்கப்பள்ளி மாணவியர்க்குக் குறுந்தொலைவு ஓட்டமே ஏற்றது." என் கையெழுத்தில் அந்த இரண்டு வரிகள் இன்றும் அக்குறிப்பேட்டில் உள்ளன.

அதை எழுதிய நாளில் என் தாயாரை நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்து, மேடும் பள்ளமுமான நிரையில் நானூறு, ஐந்நூறு மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி, பின் மீண்டும் அதே மரங்களைச் சுற்றி வந்து மங்குகளிலிருந்து பாலை எடுத்து, நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு ஸ்டோருக்குச் சுமந்து வந்து நிறுத்தவர். பிறகு வீட்டுக்கு வந்து உலை வைப்பார். ஒரு நாளில் அவர் நடந்த தொலைவை யாரும் அளந்ததில்லை. அளந்திருந்தால் ஆம்ஸ்டர்டாம் ஓட்டம் அவர் காலை நடையில் ஒரு மூலைக்குக் காணாது. பெண்ணுடல் உழைப்பைத் தாங்காது என்று தோட்டத்து நிர்வாகியோ கங்காணியோ ஒருநாளும் சொன்னதில்லை. ஊதியத்துக்காக ஓடினால் தாங்கும் உடல், விருப்பத்துக்காக ஓடினால் மட்டும் தாங்காதாம். இந்த முரணைக் காண என்னைப் போன்ற படித்தவனுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

1990களின் தொடக்கத்தில் முதல் பணியமர்வு பெற்று ஒரு தோட்டப்புறப் பள்ளிக்குச் சென்றேன். விளையாட்டுப் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. அங்குக் குறுக்கோட்டப் போட்டி ஆண்டுதோறும் நடைபெறும். பையன்கள் செம்மண் சாலையில் தோட்டத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் ஓடுவர். பெண்பிள்ளைகள் திருப்பங்களில் கொடி பிடித்து நிற்பர். ஓடி வருவோர்க்குச் சிரப் தண்ணீர் கொடுப்பர். ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து நின்றாள். "சார், நான் தெனமும் அந்த ரோட்டுலதான் நடந்து பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். நாங்க ஏன் ஓடக்கூடாது?" என்று கேட்டாள். நான் குறிப்பேட்டை நினைவுகூர்ந்து, வகுப்பறையில் எல்லாருக்கும் கேட்கும்படி ஆம்ஸ்டர்டாம் கதையைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விழுந்தவங்க அப்புறம் எழுந்திரிச்சாங்களா, சார்?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. எனக்கு விடை தெரியவில்லை. "கேள்வி கேட்காதே, உட்கார்" என்றேன். அந்த ஆண்டும் அவள் கொடிதான் பிடித்தாள்.

நான் இவ்வாறு கூறிய காலத்தில் உலகம் எங்கோ சென்றுவிட்டிருந்தது என்பதுதான் இதில் பெருங்குறை. 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் ஓட விண்ணப்பித்த பாபி கிப் என்னும் இளம்பெண்ணுக்கு, பெண்கள் அத்தொலைவு ஓடும் உடல்வலிமை உடையவர் அல்லர் என்று போட்டியின் பொறுப்பாளர் மறுமொழி எழுதினார். அவர் பேருந்தில் பல நாள் பயணம் செய்து பாஸ்டன் வந்து, தொடக்கக் கோட்டருகே புதருள் மறைந்திருந்து, தம் உடன்பிறந்தவரின் காற்சட்டையும் தலையை மூடும் மேற்சட்டையும் அணிந்து, ஆடவர் கூட்டத்தோடு கலந்து ஓடினார். உடன் ஓடிய ஆடவர்கள் அவர் பெண் என்பதைக் கண்டுகொண்டனர், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. மாறாக, யாரும் அவரை வெளியேற்ற விடமாட்டோம் என்று துணை நின்றனர். 3 மணி 21 நிமிடம் 40 விநாடிகளில் ஓடி முடித்தார். அன்று ஓடிய ஆடவருள் பெரும்பாலோர் அவருக்குப் பின்னால்தான் வந்தனர்.

மறு ஆண்டு கேத்ரின் சுவிட்சர், பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்து, 261 என்னும் எண்ணோடு ஓடினார். அவர் பெண் என்று கண்டதும், போட்டி அலுவலர் ஒருவர் ஓடிவந்து அந்த எண்ணைப் பிய்த்தெறிய முயன்றார். உடன் ஓடிய நண்பர் அவ்வலுவலரைத் தள்ளிவிட்டார். அக்காட்சியைப் படம் பிடித்தவர்கள் இருந்தனர். படம் உலகெங்கும் பரவியது. அதே ஓட்டத்தில் பாபி கிப்பும் எண் இல்லாமல் ஓடி, சுவிட்சருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாகவே முடித்திருந்தார் என்பதை அறிந்தவர் சிலரே. அவர் ஓட்டத்துக்கு அத்தகைய படம் வாய்க்கவில்லை. வரலாற்று ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எடுத்துக்காட்டலாம். படம் இருக்கும் நிகழ்ச்சி நிலைக்கிறது. படம் இல்லாதது மங்கிவிடுகிறது. கிப்பின் வெற்றிகளைப் பாஸ்டன் போட்டியினர் முறையாக ஏற்றுக்கொண்டது 1996ஆம் ஆண்டில்தான்.

1972இல் பாஸ்டன் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் நியூயார்க் மாநகரின் மத்தியப் பூங்காவில், பெண்கள் மட்டுமே கலந்துகொண்ட சாலையோட்டம் ஒன்று நடைபெற்றது. ஆறு மைல் தொலைவு. ஓடியவர்கள் 78 பேர். பெண்கள் கால்களை மழித்துக்கொள்ள விற்கப்பட்ட ஒரு பசையின் விளம்பரத்துக்காகவே அவ்வோட்டத்துக்குப் பணம் கொடுத்தனர் என்பதையும் மறைக்கலாகாது. நல்லவை எல்லாம் நல்ல நோக்கத்திலிருந்தே பிறப்பதில்லை. அந்த 78 பேர் ஓடிய ஓட்டம் இன்றளவும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. நம்மூர்த் திடலில் நான் கண்ட மகளிர் ஓட்டத்துக்குப் பாட்டி முறை அதுவே எனலாம். அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க் மாரத்தானில், பெண்கள் ஆடவருக்குப் பத்து நிமிடம் முன்னதாகத் தனியே புறப்பட வேண்டும் என்று விதித்தனர். ஓட வந்த பெண்கள் அறுவர் தொடக்கக் கோட்டிலேயே சம்மணமிட்டு அமர்ந்துவிட்டனர். பத்து நிமிடம் கழித்து ஆடவர் புறப்பட்டபொழுது அவர்களும் எழுந்து ஓடினர்.

ஒலிம்பிக்கில் பெண்களின் மாரத்தான் 1984இல் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மாநகரில் அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடிகளில் வென்றார். 44 பெண்கள் ஓடி முடித்தனர். அப்போது நான் இடைநிலைப்பள்ளி மாணவன். செய்தி தெரியும். ஆனால் என் மனத்தில் பதிந்தது பெனாய்டின் முகம் அன்று. வெப்பத்தால் தளர்ந்து, உடல் ஒருபுறம் சாய, தள்ளாடித் தள்ளாடி அரங்கைச் சுற்றி வந்த சுவிட்சர்லாந்தின் காப்ரியேலா ஆண்டர்சன் ஷீஸ் என்பவரின் காட்சிதான் பதிந்தது. அவர் 37ஆவதாக முடித்தார். சிகிச்சைக்குப் பின் விரைவில் நலம் பெற்றார். நலம் பெற்றதை யார் நினைவில் வைத்துக்கொண்டனர்? 43 பேர் நிமிர்ந்து வந்ததை விட்டுவிட்டு, ஒருவர் தள்ளாடியதை உலகம் நினைவில் வைத்தது, நானும் வைத்தேன். ஆம்ஸ்டர்டாம் செய்தியைப் பின்னர்க் கல்லூரியில் கேட்டபொழுது ஐயமின்றி நம்பியதற்கு இக்காட்சியும் ஒரு காரணம் என்று இப்போது உணர்கிறேன்.

இனி, ஓட்டம் அறத்தோடு எப்படிச் சேர்ந்தது என்பதைப் பார்ப்போம். ஓடுவது போட்டிக்காக மட்டும் அன்று, உடல்நலத்துக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் என்னும் எண்ணத்தை 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் பரப்பினார். நடுவயதினரும் முதியோரும் மெல்லோட்டம் பழகினர். அதிலிருந்து, வெற்றி தோல்வியற்ற மகிழ்வோட்டங்கள் பல நாடுகளில் எழுந்தன. அவற்றுக்கு ஓர் உயிரான நோக்கத்தைக் கொடுத்தவருள் முதன்மையானவர் கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர். எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்த அவர், செயற்கைக் காலோடு 1980 ஏப்ரலில் நாட்டின் கீழ்க்கோடியிலிருந்து ஓடத் தொடங்கினார். 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்தினார். 1981 ஜூனில், 22 வயதில் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் நினைவாக மூன்று இலட்சம் பேர் ஓடினர். அவ்வோட்டம் பின்னர்க் கடல் கடந்து நம் கோலாலம்பூருக்கும் வந்தது.

பெண்களின் அறவோட்டத்துக்குப் பின்னால் இரு உடன்பிறந்தாரின் கதை உண்டு. அமெரிக்காவில் சூசன் கோமன் என்பார் மார்பகப் புற்றுநோயால் 1980இல் 36 வயதில் இறந்தார். இந்நோய்க்கு ஒரு முடிவு காண உழைப்பேன் என்று தமக்கைக்கு வாக்களித்த தங்கை நான்சி பிரிங்கர் 1982இல் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1983இல் டல்லாஸ் நகரில் முதல் ஓட்டத்தை நடத்தினார். 800 பேர் வந்தனர். அக்காலத்தில் மார்பகப் புற்றுநோய் என்னும் சொல்லைப் பலர் கூடிய அவையில் உரக்கச் சொல்லவும் கூசினர். நம் குடும்பங்களிலும் இந்நிலை நெடுங்காலம் இருந்தது. "கட்டி" என்று மட்டும் சொல்வார்கள். எங்கே என்று சொல்லமாட்டார்கள். கூச்சத்தால் மருத்துவரிடம் காலந்தாழ்த்திச் சென்றவர் எத்தனை பேர்! சிற்றுண்டிச்சாலை அம்மையாரின் தங்கையும் அவருள் ஒருவர். நோயின் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு நடுத்தெருவில் ஆயிரம் பெண்கள் ஓடும்பொழுது அந்தக் கூச்சம் சிறிதேனும் உடைகிறது. திரண்ட நிதியைக் காட்டிலும் இதுவே பெரிய வருவாய் என்பது என் கருத்து.

1983இலேயே அயர்லாந்தின் டப்ளின் நகரில் மகளிர் சிறு மாரத்தான் தொடங்கி, ஆயிரக்கணக்கான பெண்கள் தத்தமக்கு விருப்பமான அறப்பணிகளுக்காக ஓடினர். 1994இல் இலண்டனின் பாட்டர்சீ பூங்காவில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 680 பெண்கள் ஐந்து கிலோமீட்டர் ஓடினர். 'உயிருக்கான ஓட்டம்' என்று பொருள்படும் பெயருடைய அவ்வோட்டம் பின்னர் பிரிட்டன் முழுவதும் பரவியது. யாருக்காக ஓடுகிறோம் என்பதை முதுகில் எழுதிக்கொள்ளும் வழக்கமும் அங்குப் பெருகியது. இருபத்தைந்து ஆண்டுகள் பெண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்த அதில் 2019 முதல் ஆடவரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஒரு காலத்தில் புதருள் ஒளிந்து ஓடியவர்கள் பெண்கள். இங்கே இடம் கேட்டுக் காத்திருந்தவர்கள் ஆண்கள். காலத்தின் விளையாட்டை என்னென்பது!

இவ்வோட்டங்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இளஞ்சிவப்பு நாடாவை ஒட்டிவிட்டால் எதையும் விற்றுவிடலாம் என்று எண்ணும் வணிகர் பலர் உள்ளனர். திரண்ட பணத்தில் எவ்வளவு நோயாளியைச் சென்றடைகிறது என்று கேட்பது ஓடுவோரின் உரிமை. 2012இல் கோமன் அறக்கட்டளை ஒரு மகளிர் நல அமைப்புக்கு அளித்துவந்த உதவியை நிறுத்த முடிவு செய்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களிலேயே அம்முடிவை மாற்றிக்கொண்டது. அதன்பின் அதன் ஓட்டங்களுக்கு வந்தோர் தொகை குறைந்தது. ஓடத் தெரிந்த பெண்களுக்கு ஓடாமல் இருக்கவும் தெரியும்.

நம் மண்ணிலும் நமக்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. எம். ராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவின் சார்பில் ஓடியவர். 1966இல் பாங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர். அவர் பெயரை நம் பாட்டிமார் அறிவர். ஆனால் நெடுந்தொலைவுக்கு வந்தால், சிங்கப்பூரின் கே. ஜெயமணியைச் சொல்ல வேண்டும். 1977இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசியப் போட்டியில் 1500 மீட்டரிலும் 3000 மீட்டரிலும் அவர் தங்கம் வென்றார். 1983இல் சிங்கப்பூர்ப் போட்டியில் மாரத்தானிலும் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் ஓடுவதற்கு ஓராண்டு முன்னரே, ஒரு தமிழ்ப்பெண் நமக்கு அண்மையில் அத்தொலைவை ஓடி வென்றுவிட்டார். கல்லூரியில் குறிப்பேட்டில் அந்த இரு வரிகளை எழுதியபொழுது ஜெயமணியின் பெயர் எனக்குத் தெரிந்தே இருந்தது. நம் கண்ணெதிரே இருக்கும் சான்றைக் காட்டிலும் அயல்நாட்டு நூலில் அச்சான பொய்யை நம்பும் பழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடம் உண்டு. இதை நான் பிறருக்குச் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விளையாட்டு விழாவில் பேசுவதற்காக ஆம்ஸ்டர்டாம் கதையைத் தேடினேன். போட்டியின் முடிவுப் பட்டியலைக் கண்டேன். ஒன்பது பெயர்கள் இருந்தன. பழைய படச்சுருளையும் கணினித் திரையில் பார்த்தேன். எல்லைக்கோட்டருகே ஒருத்தி விழுந்தாள், எழுந்தும் விட்டாள். அந்த ஆறாம் ஆண்டு மாணவியின் வினாவுக்கு விடை அதுதான். தோட்டம் துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்குச் சிதறிப் பல்லாண்டு ஆகின்றன. இன்று அவளுக்கு நாற்பது வயதைத் தாண்டியிருக்கும். விடையை எங்கே சென்று சொல்வேன்? விழாவில் ஆயத்தம் செய்த உரையைப் பேசவில்லை. அடுத்த ஆண்டு முதல் எங்கள் பள்ளிக் குறுக்கோட்டத்தில் பெண்பிள்ளைகளுக்கும் அதே தொலைவு என்று மட்டும் அறிவித்தேன். பெற்றோர் சிலர் வந்து முறையிட்டனர். அவர்களுள் தாய்மாரும் இருந்தனர்.

திடலில் அன்று காலை ஏழரை மணியளவில் ஆசிரியைகள் ஒவ்வொருவராகத் திரும்பினர். இளையவர் முதலில் வந்தார்; எழுபத்தொன்றில் பிறந்த மூத்த ஆசிரியை இரண்டாவதாக வந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார். பைகளைக் கொடுத்தேன். சிற்றுண்டிச்சாலை அம்மையாரை மட்டும் காணோம். கூட்டம் கலைந்து, ஒலிபெருக்கியைக் கழற்றத் தொடங்கிய பிறகு, மெல்ல நடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. எல்லைக்கோட்டைக் கடந்ததும் புல்தரையில் அப்படியே அமர்ந்து, பின் மல்லாந்து படுத்துவிட்டார். ஆசிரியைகள் பதறி ஓடினர். நானும் ஓடினேன். அவர் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்தபடியே கையை உயர்த்தி, ஒன்றுமில்லை என்று காட்டினார். சிறிது நேரம் கழித்து எழுந்து அமர்ந்தார். தண்ணீர் குடித்தார். முதுகில் குத்தியிருந்த தாளைக் கழற்றச் சொல்லி, கசங்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நேரமாச்சுங்க ஐயா, நான் கெளம்பறேன். சந்தைக்குப் போகணும், நாளைக்குப் பிள்ளைங்களுக்கு நாசிலெமாக்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.